பகுதிநேர எம்ப்ராய்டரி மெக்கானிக்: எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது

திருப்பூரில் 20 ஹெட் எம்ப்ராய்டரி எந்திரம் ஒன்று நின்றுபோனால் என்ன இழப்பு என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். டி-சர்ட்டின் நெஞ்சில் வரும் ஒரு சின்னத்துக்கு 8,000 தையல் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 750 தையல் ஓட்டத்தில் அது முடிய ஏறக்குறைய 11 நிமிடம் ஆகும். பிரேம் மாற்றுவது, அறுந்த நூலைக் கோப்பது எல்லாம் சேர்த்தால் கால் மணி நேரம். ஹெட்டுக்கு ஒன்றாக ஒரு சுற்றில் 20, ஆக மணிக்கு 80 உருப்படி. பத்து மணி நேரம் எந்திரம் ஓடாவிட்டால் 800 உருப்படி தேங்கும். அந்த 800 வராமல் தையல் வரிசை, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பின்னால் உள்ள அத்தனை பேரும் கை கட்டி நிற்க வேண்டும். அதனால் பெரிய நிறுவனங்கள் சம்பளத்துக்கே மெக்கானிக் வைத்திருக்கின்றன. அல்லது எந்திரம் விற்ற டீலரிடம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன.

அதே ஊரின் சந்துகளில் வேறொரு கூட்டம் இருக்கிறது. வீட்டு முன்னறையில் ஒற்றை ஹெட் எந்திரம் போட்டு ரவிக்கைக்கும் பள்ளிச் சீருடைக்கும் வேலை செய்து கொடுக்கும் பெண்கள். வாடகைக் கட்டடத்தில் 2 ஹெட், 4 ஹெட் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு முதலாளிகள். ஈரோடு, சேலம், மதுரை என்று எங்கே போனாலும் இப்படிப் பலரைப் பார்க்கலாம். இவர்கள் போன் செய்தால் டீலரின் ஆள் "நாளைக்கு வர்றேங்க" என்பார். அந்த நாளை வியாழனாகும், பிறகு சனிக்கிழமையாகும். டீலரை மட்டும் குறை சொல்ல முடியாது. 20 ஹெட் எந்திரத்துக்குப் போனாலும் ஒற்றை ஹெட்டுக்குப் போனாலும் பயணச் செலவும் நேரமும் ஒன்றுதான், வருமானம் ஒன்றல்ல. யாரிடம் முதலில் போவது என்பதை அந்தக் கணக்கே முடிவு செய்துவிடுகிறது.

இந்த இடைவெளியில்தான் பகுதிநேர மெக்கானிக் என்ற கேள்வி எழுகிறது. கார்மென்ட்ஸில் மெக்கானிக்காக இருப்பவர், எம்ப்ராய்டரி யூனிட்டில் ஆபரேட்டராக இருந்தவர், மின்பொருள் கடை வைத்திருப்பவர் என்று பலரும் ஓய்வு நேரத்தில் இந்தத் தொழிலைச் செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும் என்பதே என் கருத்து. ஆனால் கூப்பிட்டவர் எல்லாரிடமும், வந்த எந்திரம் எல்லாவற்றுக்கும் ஓடுகிறவரால் முடியாது. எந்த எந்திரம், எந்த வகைப் பழுது, எந்தச் சுற்றுவட்டாரம், எந்த நேரம் என்று முன்கூட்டியே கோடு கிழித்துக்கொண்டவருக்குத்தான் இது நிலைக்கும்.

தொழிலுக்குள் இதைப் பற்றி மூன்று விதமான பேச்சு உண்டு. கம்பெனிப் பயிற்சி பெற்றவர் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது டீலர்கள் தரப்பு. அதுவும் தையல் மெஷின்தானே, ஓவர்லாக், பேட்லாக் பார்க்கத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்பது கார்மென்ட்ஸ் மெக்கானிக்குகள் பலருடைய எண்ணம். இன்றைய எந்திரம் கம்ப்யூட்டர்தான், போர்டு தெரிந்தவன் போதும் என்பது எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சொல்வது. மூன்றிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. எந்திரம் எப்படி உருவாகி வந்தது என்று பார்த்தால் எந்தப் பகுதி என்பது விளங்கும்.

பூத்தையலை எந்திரத்தால் செய்யும் முயற்சி 1828-இல் பிரான்ஸின் முலூஸ் நகரத்து ஜொசுவே ஹைல்மன் செய்த கைஎந்திரத்தோடு தொடங்குகிறது. 1863-இல் சுவிட்சர்லாந்தின் இசாக் க்ரோப்லி, தையல் எந்திரத்தைப் பார்த்து, மேல்நூலும் கீழ்நூலும் பிணையும் முறையைப் பூத்தையலுக்குக் கொண்டுவந்தார். 1964-இல் ஜப்பானின் டஜிமா நிறுவனம் பல தலைகள் கொண்ட தானியங்கி எந்திரத்தைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன்பின் அமெரிக்காவின் மெல்கோவும் ஆஸ்திரேலியாவின் வில்காமும் வரைபடத்தைக் கணினியில் தையலாக மாற்றும் வழியைத் திறந்தன. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த மூன்று அடுக்குகள் இன்றைய எந்திரத்தில் இருக்கின்றன. அடியில் ஊசி, கொக்கி, நூல் என்ற பழைய தையல் எந்திரம். நடுவில் மோட்டார், பெல்ட், சென்சார், டிரைவர் என்ற மின்னியக்கம். மேலே டிசைன் கோப்பைப் படித்து ஆணையிடும் கணினி. கார்மென்ட்ஸ் மெக்கானிக் முதல் அடுக்கை அறிவார், எலக்ட்ரானிக்ஸ்காரர் இரண்டாவதை, வரைபடத்தைத் தையல் கோப்பாக்கும் பஞ்சிங் வேலை செய்பவர் மூன்றாவதை. பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பவரே இந்தத் தொழிலில் மெக்கானிக்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி அடுக்கில் எந்த நிறுவனத்தின் ரகசியமும் இல்லை. இன்று எம்ப்ராய்டரி ஹெட்டின் கீழே சுழலும் ஹூக், 1851-இல் அமெரிக்கரான ஆலன் வில்சன் காப்புரிமை பெற்ற சுழல்கொக்கியின் வழிவந்தது. சீனத்திலிருந்து வரும் எந்திரங்களில் பெரும்பாலானவை டஜிமாவின் அமைப்பை ஒட்டியவை; அதனால்தான் உதிரிபாகக் கடையில் "டஜிமா டைப்" என்று கேட்டால் நீடில் பார் முதல் கத்தி வரை கிடைக்கிறது. கன்ட்ரோல் பகுதியிலும் பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும் உள்ளே பெய்ஜிங்கின் தாஹாவோ நிறுவனத்தின் கணினியே பல எந்திரங்களில் இருக்கிறது. ஒரு திரையைப் பழகியவருக்கு அடுத்த பிராண்டின் திரை அந்நியமாக இருக்காது. பகுதிநேரமாக வருபவருக்கு இது பெரிய வாய்ப்பு. பிராண்டை வைத்துப் பார்க்காமல் குடும்பத்தை வைத்து எந்திரத்தைப் பிரித்து, ஒரு குடும்பத்தை மட்டும் முழுதாகக் கற்றுக்கொண்டால் ஊரில் உள்ள சிறு யூனிட்களில் பெரும்பகுதிக்குப் போதும்.

இனி இந்தத் தொழிலின் உயிர்ப்பகுதிக்கு வருகிறேன். போனில் வரும் புகார் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "அண்ணா, மெஷின் நூல் அறுக்குது." இதைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எல்லா ஹெட்டிலும் அறுகிறதா, ஒன்றில் மட்டுமா? எல்லா ஊசியிலுமா, ஒரு நிறத்தில் மட்டுமா? டிசைனின் ஒரே இடத்திலா, எங்கே வேண்டுமானாலுமா? எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது? பதில்கள் பழுதின் முகவரியைச் சொல்லிவிடும். ஒரே ஊசியில் மட்டும் அறுந்தால் அந்த ஊசி, அந்த நூல்கண்டு, அந்த நூல் போகும் பாதை, அதன் டென்ஷன் தட்டுகள். கொக்கியைத் தொடவே வேண்டாம், அது எல்லா ஊசிக்கும் பொது. ஒரு ஹெட்டின் எல்லா ஊசியிலும் அறுந்தால் அந்த ஹெட்டின் ஹூக், பாபின் கேஸ், ஊசித்தட்டுத் துளை. எல்லா ஹெட்டிலும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஹெட்டுகளை விட்டுவிட்டு நூல் மாறியதா, துணி மாறியதா, வேகம் கூட்டினார்களா, முதன்மைத் தண்டில் ஏதாவது தளர்ந்ததா என்று பார்க்க வேண்டும். டிசைனின் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் அறுந்தால் எந்திரத்தில் பழுதே இல்லை. பஞ்சிங் செய்தவர் தையலை அடர்த்தியாகக் குவித்திருப்பார். வழக்கமான 40-ஆம் எண் நூலுக்கு நிரப்புத் தையலின் வரி இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கும். அதை மிகவும் குறைத்து, மேலே இன்னொரு எழுத்தையும் ஏற்றினால் எந்த ஊசியும் தாங்காது.

இந்தக் கேள்விமுறை பகுதிநேரக்காரருக்கு மற்றவர்களைவிட முக்கியம். வேலைநேரத்தில் வரும் அழைப்பில் பாதி போனிலேயே தீர்ந்துவிடும். ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். டிபி கே5 ஊசியின் பின்பக்கக் குழிவு கொக்கியைப் பார்த்து இருக்க வேண்டும், அது சற்றுத் திரும்பினாலே தையல் விடும். மாதக்கணக்கில் ஒரே ஊசி ஓடியிருக்கும். பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் பஞ்சு அடைத்திருக்கும். ஒரு விசிட்டிங் கார்டின் மூலையை நுழைத்து இழுத்தால் வந்துவிடும். பிளீஸ் துணி ஓட்டும் யூனிட்களில் பாபின் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்தாலே பல அழைப்புகள் வராது. இவற்றைப் போனில் சொல்லிக் கொடுத்தால் தொழில் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நேர்மாறாகத்தான் நடக்கிறது. இலவசமாக ஊசியைத் திருப்பிப் போடச் சொன்னவரைத்தான் ஹூக் மாற்றவும் கூப்பிடுகிறார்கள்.

"டைமிங் போயிடுச்சு" என்பது அடுத்த புகார். டைமிங் என்பது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் கணம். ஊசி அடிமட்டம் தொட்டு மேலே ஏறத் தொடங்கும்போது துணி நூலைப் பிடித்துக்கொள்ளும். ஊசியின் பின்புறம் நூல் சிறு வளையமாகப் புடைக்கும். ஏறக்குறைய 2 மி.மீ. ஏறிய அந்த நொடியில் கொக்கியின் முனை வளையத்துக்குள் நுழைய வேண்டும். ஊசிக்கும் முனைக்கும் இடையே 0.1 முதல் 0.3 மி.மீ. இடைவெளி, அதற்குமேல் போனால் தையல் விடும், குறைந்தால் முனை ஊசியை உரசி நூலைச் சீவும். கொக்கி ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு சுற்று சுற்றுகிறது. அதாவது 750 தையல் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 1,500 சுற்று. முதன்மைத் தண்டில் உள்ள பாகை வட்டை 200 பாகை அருகே நிறுத்தி இந்தச் சந்திப்பைச் சரிபார்ப்பார்கள். துல்லியமான எண் எந்திரத்துக்கு எந்திரம் மாறும், அதன் கையேட்டில் உள்ளதே சரி. பார்க்கும்போது ஒரே ஊசியோடு நிறுத்தக் கூடாது. முதல் ஊசியிலும் கடைசி ஊசியிலும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டைமிங் தானாகப் போவது அரிது. ஊசி பிரேமில் இடித்திருக்கும், அல்லது ஊசித்தட்டுக்கு அடியில் நூல் கொத்தாகத் திரண்டு அதை இழுத்துப் பிடுங்கியிருப்பார்கள். எனவே திருகைத் தளர்த்துவதற்கு முன் எதில் இடித்தது என்று கேட்க வேண்டும். இடித்திருந்தால் டைமிங்கை மட்டும் சரிசெய்து வந்துவிட முடியாது. நீடில் பார் வளைந்திருக்கலாம், ஊசித்தட்டுத் துளையில் பிசிர் எழும்பியிருக்கலாம், கொக்கியின் முனை மழுங்கியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பிசிரை நகத்தாலோ நைலான் காலுறைத் துண்டாலோ தடவிப் பார்த்தால் சிக்கும். மிக நைசான எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். முனை மழுங்கிய ஹூக்கைத் தேய்த்துக் கூராக்கி ஓட்டுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் நன்மை அல்ல. ஒரு மாதத்தில் மறுபடி கூப்பிடுவார். புதிய ஹூக் போடச் சொல்லும் துணிவு வேண்டும்.

அவுட்லைன் விலகுகிறது என்ற புகாரில் மெக்கானிக்கின் நேர்மை வெளிப்படும். நிரப்பிய பகுதி ஓரிடத்திலும் ஓரக்கோடு வேறிடத்திலும் விழுந்தால் பிரேமை நகர்த்தும் பெல்ட் தளர்ந்திருக்கலாம், டிரைவர் சுணங்கியிருக்கலாம். ஆனால் பனியன் துணியில் இது பெரும்பாலும் துணி மாட்டிய விதத்தால் வருகிறது. நிட்டிங் துணி இழுத்தால் இழுபடும். பிரேமில் இழுத்து மாட்டி, துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் பேப்பரும் மெல்லியதாக இருந்தால் தையல் விழ விழத் துணி சுருங்கி நகரும். டிசைனிலும் அந்தச் சுருக்கத்துக்கு ஈடு கொடுத்திருக்க வேண்டும். அதே டிசைனைக் கெட்டியான டிரில் துணியில் ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அதில் சரியாக விழுந்தால் எந்திரத்தின் மீது குற்றமில்லை. பெல்ட்டை மாற்றிக் காசு வாங்குவது எளிது. எந்திரத்தில் குறையில்லை என்று சொல்லி, வந்து பார்த்ததற்கு மட்டும் கூலி வாங்குவது கடினம். இரண்டாவதைச் செய்கிறவரைத்தான் இந்தச் சிறு யூனிட்கள் பல ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்கின்றன.

டென்ஷன் பற்றி ஒரு சொல். பலர் விரலால் இழுத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். பழகிய விரலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் 20 ஊர்களில் 20 எந்திரத்தைப் பார்ப்பவருக்கு ஒரு டென்ஷன் மீட்டர் வேண்டும். பாபின் நூலுக்கு 25 முதல் 30 கிராம், மேல்நூலுக்கு 100 கிராமுக்கு மேல் என்று தொடங்கி, சாட்டின் தையலைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல் தெரிய வேண்டும். எல்லா ஊசியிலும் ஆங்கில 'ஐ' எழுத்தை ஓட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். அந்தத் துணித்துண்டில் தேதி எழுதி வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடலாம். அடுத்த முறை ஒப்பிட அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

மின்பகுதியில் எச்சரிக்கை தேவை. சர்வோ டிரைவரில் உள்ள கெபாசிட்டர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உயிரைப் பறிக்கும் அழுத்தத்தை வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரால் அளந்த பிறகே கை வைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு, பகல் முழுக்க இன்னொரு வேலை பார்த்த களைப்போடு டிரைவர் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். எர்த் சரியாக இல்லாத வீட்டு யூனிட்டில் காரணமில்லாமல் திரை உறைவதும் சென்சார் பொய் சொல்வதும் சாதாரணம். போர்டைக் குற்றம் சொல்வதற்கு முன் எர்த்தையும் மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, சென்சாரின் தூசியை நீக்குவது, லிமிட் சுவிட்சைச் சோதிப்பது, பவர் சப்ளை சரியான வோல்ட் தருகிறதா என்று பார்ப்பது என்ற அளவில் நின்றுகொள்ளலாம். சிப் மாற்றும் வேலை அதற்கென்று உள்ள போர்டு பழுதுபார்ப்பவர்களுடையது. அவர்களில் நம்பகமான ஒருவரைத் தெரிந்துவைத்திருப்பதும் இந்தத் தொழிலின் முதலீடுதான்.

பகுதிநேரம் என்ற சொல்லை இப்போது நேராகப் பார்க்கலாம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு மேல்தான் வெளியே வருவார். எந்திரம் பழுதாவது பகலில். இந்த முரண்பாட்டை உழைப்பால் தீர்க்க முடியாது. சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்க்கிறேன் என்று தொடங்கியவர்கள் சம்பள வேலையிலும் கெட்ட பெயர் வாங்கி, எந்திரத்தையும் அரைகுறையாக விட்டு வருகிறார்கள். அவசரப் பழுதை அடிப்படையாக வைத்துப் பகுதிநேரத் தொழிலைக் கட்டவே முடியாது என்பது என் உறுதியான முடிவு. கட்ட வேண்டியது பராமரிப்பை வைத்து. மாதம் ஒரு ஞாயிறு, அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, தேதி குறித்துப் போய் ஹூக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது, வெட்டுக் கத்திகளின் கூர் பார்ப்பது, செக் ஸ்பிரிங் மாற்றுவது, பெல்ட் இழுப்பும் இடைவெளிகளும் சரிபார்ப்பது, நீடில் பாருக்கு எண்ணெயும் பல்சக்கரங்களுக்குக் கிரீஸும் விடுவது. ஹூக்குக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு வெள்ளை எண்ணெய் விட ஆபரேட்டருக்குப் பழக்கிவிடுவதும் இதில் சேரும். இப்படிப் பதினைந்து, இருபது யூனிட்கள் சேர்ந்தால் ஞாயிறுகள் நிறைந்துவிடும். நடுவில் வரும் அவசர அழைப்புகளும் குறைந்துவிடும்.

இதனால் சில வேலைகளை மறுக்க வேண்டியிருக்கும். ஏற்றுமதி யூனிட்டின் 20 ஹெட் எந்திரம், அதுவும் கப்பலேறும் வாரத்தில், பகுதிநேரக்காரருக்கு உரியது அல்ல. அவர்களுக்கு வேண்டியது கூப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும் ஆள். மே மாதக் கடைசியில், பள்ளி திறக்கும் நேரம், சீருடைச் சின்னம் ஓட்டும் யூனிட்களும், தீபாவளிக்கு முன்னால் ரவிக்கை வேலை செய்பவர்களும் எந்திரத்தை நிறுத்தவே விடமாட்டார்கள். அந்தக் காலத்துக்கு முந்தைய மாதத்திலேயே பராமரிப்பை முடித்துவிட வேண்டும். பொங்கல் விடுமுறையில் யூனிட்கள் மூடியிருக்கும் நாட்களே பெரிய வேலைகளுக்கு ஏற்றவை.

கற்றுக்கொள்வது எங்கே? ஐ.டி.ஐ.களில் தையல் தொழில்நுட்பமும் பூவேலைப்பாடும் பாடப்பிரிவுகளாக இருக்கின்றன. அவை துணியில் வேலை செய்யக் கற்றுத் தருபவை. ஆடைத்துறைத் திறன் பயிற்சிகளில் தையல் எந்திரப் பராமரிப்பு உண்டு, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியில் பிரேம் மாட்டுபவருக்கான பயிற்சியும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் விழுகிறார் எம்ப்ராய்டரி மெக்கானிக். ஆகவே வழி பழையதுதான்: மூத்த மெக்கானிக் ஒருவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கையாளாகப் போவது. அதற்கு முன் சில மாதம் ஆபரேட்டராக இருந்தவர் வேகமாகக் கற்பார். எந்திரத்தின் சரியான சத்தம் காதில் ஏறியிருக்கும். பழைய ஒற்றை ஹெட் எந்திரம் ஒன்றை வாங்கி, முழுதாகப் பிரித்துப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பப் பூட்டி ஓட வைப்பதைவிட நல்ல பள்ளி இல்லை. பிறருடைய எந்திரத்தில் முதல்முறையாக ஒரு பாகத்தைக் கழற்றக் கூடாது. பஞ்சிங்கின் அடிப்படையும் வேண்டும். எந்திரம் படிக்கும் டி.எஸ்.டி. வகைக் கோப்பில் ஒரு தையல் 12.1 மி.மீ.க்கு மேல் நீளாது, அதில் நிறத்தின் பெயர் கிடையாது, நிறம் மாறு என்ற ஆணை மட்டுமே உண்டு என்று தெரிந்திருந்தால், சிவப்பு வர வேண்டிய இடத்தில் நீலம் வந்ததற்குக் கலர் சேஞ்ச் மோட்டாரைப் பிரிக்கப் போகமாட்டோம்.

சொந்தமாகத் தொடங்குபவர்களில் பலர் ஏற்கெனவே டீலரிடமோ பெரிய யூனிட்டிலோ வேலை பார்ப்பவர்கள். இங்கே ஒரு கோடு உண்டு. முதலாளியின் வாடிக்கையாளரை மறைவாகத் தன் பக்கம் இழுப்பதும், அவருடைய கடை உதிரிபாகத்தைப் பையில் போட்டுப் போவதும் தொழில் அல்ல. டீலர் கவனிக்காத பழைய எந்திரங்களையும் ஒற்றை ஹெட்காரர்களையும் மட்டும் பார்க்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளும் டீலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த அழைப்புகள் சுமைதான். தவணையில் விற்ற சில எந்திரங்களில் குறித்த நாளில் பூட்டிக்கொள்ளும் கடவுச்சொல் வைத்திருப்பார்கள். அதை உடைத்துத் தரச் சொல்லி வருபவரிடம், நிலுவையைப் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதே சரி.

மறுபக்கம் இன்னொரு பூட்டு இருக்கிறது. பணம் முழுதும் கட்டி வாங்கிய எந்திரத்தின் சர்வீஸ் கையேட்டை உரிமையாளருக்கே தர மறுப்பதும், அளவுருக்களை டீலரின் கடவுச்சொல்லுக்குள் வைப்பதும் நியாயமில்லை. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலையும் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட துறைகள் வேளாண் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம். வீட்டு முன்னறையில் ஓடும் எம்ப்ராய்டரி எந்திரம் ஒரு குடும்பத்தின் சோறு. அதற்கும் அந்த உரிமை வேண்டும். அதுவரை செய்யக்கூடியது, எந்திரம் வாங்கும்போதே கையேடும் பிழைக்குறி அட்டவணையும் கேட்டு வாங்கச் சொல்வது. எதையும் மாற்றுவதற்கு முன் திரையில் உள்ள எல்லா அளவுருவையும் போனில் படம் எடுத்துவைப்பதும் அவசியம்.

கூலி விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கூச்சம் அதிகம். வந்து பார்க்கும் கட்டணம், ஹெட் கணக்கில் வேலைக்கூலி, உதிரிபாக விலை மூன்றையும் பிரித்துச் சொல்லி, என்ன செய்தோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் பின்னால் சண்டை வராது. ஊரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. அன்று இரவு சிறு முதலாளியின் கையில் இருக்கும் பணம் ஆட்களுக்குப் போய்விடும், ஞாயிறு காலை அவரிடம் எதுவும் இருக்காது. வெள்ளிக்கிழமையே நினைவுபடுத்திவிட வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. சிறுதொழில்களுக்காக 2020-இல் வந்த உத்யம் பதிவு இலவசம். அது இருந்தால் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் கூலி கேட்கும் உரிமையும் கிடைக்கும். நாலு ஹெட் வைத்திருப்பவரிடம் யாரும் சட்டம் பேசப்போவதில்லை; ஆனால் கொஞ்சம் பெரிய யூனிட்டில் பில் தேங்கினால் உதவும்.

கடைசியாக, இந்தப் பேச்சில் வழக்கமாக வராத ஒருவரைப் பற்றி. எம்ப்ராய்டரி யூனிட்களில் ஆபரேட்டர்களாகவும் வீட்டு எந்திரங்களின் உரிமையாளர்களாகவும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்திரத்தின் சத்தம் மாறுவது முதலில் அவர்கள் காதில்தான் விழுகிறது. ஆனால் ஆலன் கீ ஆண் கையில்தான் கொடுக்கப்படுகிறது. கணவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் மெக்கானிக்கை வீட்டுக்குள் விடத் தயங்கி எந்திரத்தை இரண்டு நாள் நிறுத்திவைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு பெண் மெக்கானிக் அந்தத் தெருவில் இருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சம். இந்த வேலைக்குப் பெரிய உடல்வலு தேவையில்லை. 0.2 மி.மீ. இடைவெளியைப் பார்க்கும் கண்ணும், பொறுமையும், நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கும் ஒழுங்கும் போதும். பகுதிநேரமாக, நடந்து போகும் தூரத்துக்குள், பகலில் என்ற மூன்று நிபந்தனைகளும் அவர்களுக்கு மற்ற யாரையும்விட நன்றாகப் பொருந்துகின்றன. பயிற்சி மையங்கள் பிரேம் மாட்டுபவருக்கான வகுப்போடு இன்னும் சில வாரம் சேர்த்து ஹூக், கத்தி, டென்ஷன் மூன்றையும் கழற்றிப் பூட்டக் கற்றுத் தரலாம். ஒரு பழைய ஒற்றை ஹெட் எந்திரம், ஒரு செட் ஆலன் கீ, ஒரு டென்ஷன் மீட்டர், தமிழில் அச்சடித்த பிழைக்குறி அட்டவணை ஆகியவை இருந்தால் வகுப்பைத் தொடங்கிவிடலாம்.